ஊசி ஏறும் கை

டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி ரத்தமாவது வேண்டும்; அதுவும் நான்கு மணி நேரம் நிற்காமல். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் கைச் சிரையில் அவ்வளவு ஓட்டம் கிடையாது. புதிதாக ஒரு டயாலிசிஸ் மையம் திறந்தால் எத்தனை மெஷின் என்று கேட்கிறோம். அங்கே வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஓட்டத்தைத் தரும் ஒழுங்கான ஃபிஸ்டுலா இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர், நோயாளியின் தமனியிலும் சிரையிலும் டெஃப்லான் குழாய்களைச் செருகி, இரண்டையும் தோலுக்கு வெளியே இணைத்து வைத்தார். அதற்கு முன் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஒரு ரத்தக்குழாயைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது. சில தடவையோடு கதை முடிந்துவிடும். ஸ்க்ரிப்னரின் முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனாலும் வெளியே தொங்கும் குழாயில் ரத்தம் உறைவதும் சீழ் பிடிப்பதும் ஓயவில்லை. 1966-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸிலிருந்து பிரெசியா, சிமினோ, அப்பெல் குழுவினர் வேறு வழி சொன்னார்கள்: மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே தைத்து இணைத்துவிடுவது. தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்ததும் சிரை சில வாரங்களில் தடித்துப் பருத்துவிடும். இன்றும் முதல் தேர்வு இந்த ஃபிஸ்டுலாதான்.

அந்தச் 'சில வாரங்கள்'தான் நம் ஊரில் கிடைப்பதில்லை. மூச்சு வாங்கி, கால் வீங்கி, கடைசி நேரத்தில் வருகிறவருக்குக் கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் ஆரம்பிக்க முடியும். அவசரத்துக்குப் போட்டது மாதக்கணக்கில் அங்கேயே இருந்துவிடுவதும் உண்டு. அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குள் போகும். டயாலிசிஸ் ஓடும்போதே குளிர்நடுக்கம் வந்தால் ஏசியைக் குறைத்துப் போர்வை கேட்டு முடித்துக்கொள்ளக் கூடாது; குழாயில் தொற்று என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நெஞ்சுக்குப் போகும் பெரிய சிரை, குழாய் உரசி உரசிச் சுருங்குவது இன்னொரு தொல்லை. பிறகு அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா போட்டால் கை முழுவதும் வீங்கும்.

ஃபிஸ்டுலா உள்ளவர்களின் கையைக் கவனித்துப் பாருங்கள். பலருக்கு முன்கையில் இரண்டு புடைப்புகள், நெல்லிக்காய் அளவில், சிலருக்கு அதைவிடப் பெரிதாக. வாரம் இரண்டு மூன்று தடவை, அதே இரண்டு இடத்தில், தடித்த ஊசிகள் ஏறியதன் விளைவு. குத்திக் குத்தி அந்த இடம் மரத்துப்போவதால் "பழைய இடத்துலயே போடுங்க சார், வலிக்காது" என்பார் நோயாளி. டெக்னீஷியனுக்கும் அது சுலபம்; ஊசி தவறாது. இருவரும் சம்மதித்துச் செய்கிற இந்தக் காரியத்தால் ரத்தக்குழாயின் சுவர் மெலிந்து பலூன் மாதிரி உப்புகிறது. ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுத் தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் சில தடவை வலிக்கத்தான் செய்யும். புடைப்பின் மேல்தோல் பளபளத்து மெலிந்தாலோ, ஆறாத பொருக்கு தெரிந்தாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றே காட்ட வேண்டும். அது வெடித்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடுவதைவிட, ரத்தம் வரும் புள்ளியில் விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுவது மேல்.

ஃபிஸ்டுலா நின்றுபோவது பெரும்பாலும் திடீரென்று நடப்பதில்லை. உள்ளே ரத்தக்குழாய் மெல்லச் சுருங்கிவரும். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாகும், மெஷினில் அழுத்தம் ஏறும். அந்தக் கட்டத்தில் பலூன் வைத்து விரித்துக் காப்பாற்றலாம். கவனிக்காமல் விட்டால், ஒரு நாள் டயாலிசிஸில் நீர் அதிகம் எடுத்து பிரஷர் இறங்கும்போது ரத்தம் உறைந்துவிடும். காலையிலும் இரவிலும் அதன் மேல் விரல் வைத்தால் விர்ரென்று அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஓரிரு நாள் தாண்டினால் மீட்பது கடினம்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கமான வாட்ச், வளையல் கூடாது என்பதெல்லாம் எல்லா மையங்களிலும் சொல்கிறார்கள். டயாலிசிஸுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் படுத்த வார்டுகளில், ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படும் முன்கைச் சிரைகளை வென்ஃப்ளான் ஊசி போட்டுப் போட்டே பாழாக்கிவிடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிரியாட்டினின் ஏறத் தொடங்கியவர் எந்த வார்டில் படுத்தாலும் "புறங்கையில போடுங்க சிஸ்டர், முன்கை வேண்டாம்" என்று சொல்லலாம். சிஸ்டர் முறைத்தாலும் பரவாயில்லை.