என்பு நலனும் ஓமோன் சிகிச்சையும்

மக்கள் யாக்கையைத் தாங்கி நிற்பது என்புக்கூடு. அது கற்றூண் போல ஒருமுறை எழுப்பப்பட்டு அவ்வாறே நிலைத்து நிற்பதென்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. தோலும் குருதியும் போல என்பும் உயிருள்ள பொருளே. பழைய என்பைக் கரைக்கும் கலங்கள் ஒருவகை; புதிய என்பை ஆக்கும் கலங்கள் மற்றொருவகை. இவ்விரண்டும் ஓயாது தொழிற்படுதலால், வளர்ந்த ஒருவரின் என்புக்கூடு ஏறத்தாழப் பத்தாண்டுகளில் புதுப்பிக்கப்படுகின்றது. இளமையில் ஆக்கம் மிகும். முப்பது வயதளவில் என்பு தன் முழுவலிமையை எய்தும். பின்னர் அழிவு சிறிது சிறிதாக மேலோங்கும்.

பெண்களிடத்து இவ்வழிவு மாதவிடாய் ஓய்வையொட்டி விரைவடைகின்றது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரசன் என்னும் ஓமோன், என்பைக் கரைக்கும் கலங்களை அடக்கி வைப்பது. ஐம்பது வயதையொட்டி அச்சுரப்புக் குன்றவே, அக்கலங்கள் கட்டின்றித் தொழிற்படுகின்றன. அடுத்துவரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் என்பின் செறிவில் ஐந்திலொரு பங்கு வரை இழக்கப்படலாம். இவ்வாறு தோன்றும் ஒஸ்ரியோபொரோசிஸ் எனப்படும் என்பு நலிவு நோய், என்பு முறியும் வரை பெரும்பாலும் வெளித்தோன்றுவதில்லை. பொஸ்ரன் நகரத்து வைத்திய அறிஞர் புல்லர் அல்பிறைற் என்பார் தம் துணைவரோடு 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இந்நோய்க்கும் ஈஸ்திரசன் குறைவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்.

குறைந்த ஓமோனை மீளக் கொடுத்தால் என்பு காக்கப்படும் என்பது இதனாற் பெறப்படும். ஆயின், அறுபத்தைந்து வயதிலே கால் இடறி மணிக்கட்டு முறிந்த அன்னையொருவர், "பதினைந்து ஆண்டுகளின் முன் தொடங்காத சிகிச்சையை இனியேனும் தொடங்கலாமா?" என வினவின், யாது விடை கூறுவது? அதனை ஈண்டு ஆராய்வாம்.

காலந்தாழ்த்தித் தொடங்கினும் என்புக்குப் பயனுண்டா என்பது முதல் வினா. உண்டு என்பதே விடை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களிடத்து நடத்தப்பெற்ற பேராய்வொன்றில், ஒரு சாராருக்கு ஈஸ்திரசனும் புரோஜெஸ்தோஜனும் சேர்ந்த மாத்திரையும் மறு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. (கருப்பை உடையார்க்கு ஈஸ்திரசனைத் தனித்துக் கொடுத்தால் கருப்பைப் புற்றுநோய் தோன்றக்கூடும், ஆதலின் மற்றையதும் சேர்க்கப்படும்.) அவர்களின் சராசரி வயது 63, அவர்களிற் பலர் மாதவிடாய் ஓய்ந்து நெடுங்காலம் கழிந்தவர்கள். எனினும், இடுப்பு என்பு முறிவு மூன்றிலொரு பங்கு குறைந்தது.

அப்பயனுக்குக் கொடுத்த விலை யாது என்பது இரண்டாம் வினா. அவ்வாய்வு 2002ஆம் ஆண்டு யூலை மாதத்தில், குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்தப்பட்டது. ஓராண்டில் பதினாயிரம் பெண்களுக்கு இடுப்பு முறிவு ஐந்து குறைந்தது. குடற் புற்றுநோய் ஆறு குறைந்தது. ஆனால் இருதய நோய் ஏழும், பாரிசவாதம் எட்டும், நுரையீரற் குருதிக்கட்டி எட்டும், மார்புப் புற்றுநோய் எட்டும் மிகுந்தன. 65 வயதைக் கடந்தோரிடத்து மறதிநோய் ஏறத்தாழ இருமடங்காயிற்று என 2003ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

இச்செய்தி கேட்டுப் பலர் சிகிச்சையையே கைவிட்டனர். ஆயினும் 2007ஆம் ஆண்டில் அவ்வெண்களை மாதவிடாய் ஓய்வுக்குப் பின் கழிந்த ஆண்டுகளின்படி வகுத்து நோக்கியபோது வேறொரு தோற்றம் புலப்பட்டது. பத்தாண்டு நிரம்பாதவர்களிடத்து இருதய நோய், பதினாயிரம் பேருக்கு ஆண்டொன்றில் ஆறு குறைவாகவும், இருபதாண்டு கடந்தவர்களிடத்துப் பதினேழு மிகுதியாகவும் காணப்பட்டது. முதுமையில் முன்னரே தடித்துப் பழுதுற்ற குருதிக்கலன்களில் ஓமோன் தீங்கு பயக்கின்றது என்பது அறிஞர் கூறும் விளக்கம். பாரிசவாத அபாயமோ இரு சாராரிடத்தும் இருந்தது.

அங்ஙனமாயின் ஐம்பது வயதிலே தொடங்கிச் சில ஆண்டுகளில் நிறுத்திவிடலாமன்றோ எனச் சிலர் கேட்கலாம். இங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. மருந்தை நிறுத்தியதும் என்பின் இழப்பு மீண்டும் தொடங்கும். பிறேமிங்ஹாம் நகரில் நிகழ்ந்து 1993இல் வெளிவந்த ஆய்வின்படி, ஏழாண்டும் அதற்கு மேலும் ஈஸ்திரசன் உட்கொண்ட பெண்களில் 75 வயதுக்குக் குறைந்தோரின் என்புச் செறிவு, உட்கொள்ளாதாரினும் 11.2 வீதம் கூடியிருந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆயினோரிடத்து அம்மிகுதி 3.2 வீதமே. இடுப்பு முறிவு மிகுதியாக நேர்வதோ அம்முதுமையிலேயே. ஓமோன் பெரிதும் தீங்கின்றிக் கொடுக்கத்தக்க காலம் ஒன்று; என்பு காவலை மிக வேண்டி நிற்கும் காலம் மற்றொன்று. இம்முரணே இப்பொருளின் உட்கிடை.

மிகக் குறைந்த அளவில் கொடுக்கலாமா எனவும் ஆராயப்பட்டுள்ளது. 60 முதல் 80 வயது வரையான 417 பெண்களிடத்து, நாளொன்றுக்கு 0.014 மில்லிகிராம் ஈஸ்திரடயோலைத் தோலினூடாகச் செலுத்தும் ஒட்டுப்பட்டையை ஈராண்டு பயன்படுத்தியபோது, முள்ளந்தண்டின் செறிவு கூடியது. ஆயின் முறிவைத் தடுக்குமென நிறுவ அவ்வாய்வு போதிய பரப்புடையதன்று. மேலும், ஓமோனல்லாத மருந்துகள் இப்போது உள. அலெந்திரோனேற் 1995ஆம் ஆண்டிலும் டெனோசுமாப் 2010ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்றன. எனவே, அறுபதைக் கடந்தோர்க்கு என்பு ஒன்றையே கருதி ஓமோனைப் புதிதாகத் தொடங்குதல் முதல் வழியாகக் கொள்ளப்படுவதில்லை. ஏனைய மருந்துகள் ஒவ்வாதவிடத்தே அது ஆலோசிக்கப்படும். முன்னரே தொடங்கித் தொடர்ந்து உட்கொள்வோர் நிலை வேறு. அவர்கள் அச்சத்தால் திடீரென நிறுத்தாது வைத்தியரோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

ஆகவே, மணிக்கட்டு முறிந்த அன்னைக்கு நாம் கூறத்தக்கது இது: என்பின் செறிவை அளந்தறிக, மாதவிடாய் ஓய்ந்து எத்தனை ஆண்டாயிற்று, கருப்பை உண்டா, குருதிக்கட்டியோ மார்புப் புற்றுநோயோ முன் நேர்ந்ததுண்டா என்பவற்றை வைத்தியரிடம் மறையாது கூறுக, கல்சியம் நிறைந்த உணவும், வெயிலும், நடையும், விழாதிருக்கத்தக்க ஒளியுள்ள இல்லமும் எவ்வயதிலும் காலந்தாழ்ந்தன அல்ல. "ஓமோன் நன்றா, தீதா?" என்பது நிறைவற்ற வினா. "யாருக்கு, எக்காலத்தில்?" என்று சேர்த்துக் கேட்கும்போதே அது விடை காணத்தக்க வினாவாகின்றது.