சம்பளப் பட்டியலில் நிற்கும் கையெழுத்து

விடியப்புறம் பாசிக்குடாக் கரையில் முதலில் கால் வைப்பவர்கள் உல்லாசப் பயணிகள் அல்ல. இளநீர்க் கோம்பையும் பிளாஸ்டிக் போத்தலும் பொறுக்கி உழவு இயந்திரப் பெட்டியில் எறியும் சுகாதாரத் தொழிலாளர்கள்தான். கல்குடாவுக்கு வருகிறவர் கண்ணில் கரை துப்புரவாகப் படுவது அந்தக் கைகளால்.

கிழக்கின் ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் அதே வேலை செய்யும் அக்கா ஒருவர், சொப்பின் பைக்குள் சுற்றி வைத்திருந்த நாற்பது பக்கக் கொப்பியை என்னிடம் காட்டினார். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. சம்பளம் கிடைத்த மாதத்துக்குக் கீழே ஒரு வட்டம். கடைசி இரண்டு மாதத்துக்கு வட்டமில்லை. “தலைவர் ஒப்பம் வைக்கல எண்டு கந்தோரில சொல்றாங்க மனே. தலைவரிட்டக் கேட்டா, செயலாளர் பைலை அனுப்பல எண்டு சொல்றார். நான் ஆரிட்டப் போறது?”

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி தவிசாளரே சபையின் பிரதம நிறைவேற்று அதிகாரி. செயலாளரோ மாகாணப் பொதுச் சேவையைச் சேர்ந்தவர். அவரைச் சபை நியமிப்பதுமில்லை, நீக்குவதுமில்லை. மாநகர சபையில் முதல்வரும் ஆணையாளரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். மக்கள் தந்த அதிகாரம் ஒருவரிடம், கோப்பும் கணக்கும் மற்றவரிடம். இருவரும் ஒத்துப்போனால் வேலை ஓடும். முறுகினால் முதலில் அடிபடுவது கூலிப் பட்டியல். மட்டக்களப்பு மாநகர சபையில் 2021இல் முதல்வர் தியாகராஜா சரவணபவனுக்கும் அப்போதைய ஆணையாளருக்கும் இடையே எழுந்த அதிகாரப் பிணக்கு நீதிமன்றம் வரை போனதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது இந்த முறுகல் இன்னும் கூர்மையாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச் 19இல் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே மன்றங்களை நடத்தினார்கள். தனியாக முடிவெடுத்துப் பழகிய கந்தோருக்குள் புதிய தவிசாளர் வந்து உட்கார்ந்தால் உரசல் வராமலா போகும்? மேலிருந்து பார்த்துச் சொல்ல மாகாண சபையுமில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

தொழிலாளி முதலில் அறிய வேண்டியது, தன் சம்பளம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதுதான். அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் உள்ளவர்களின் சம்பளத்தை மாகாணம் சபைக்கு மீளளிக்கிறது. அமைய ஊழியருக்கு அப்படியில்லை. சோலை வரி, சந்தை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் என்று சபை தானே திரட்டும் நிதியிலிருந்துதான் அவர்களின் கூலி வர வேண்டும். ஆகவே மன்றத்துக்குள் சண்டை வந்தாலும் வரி வசூல் படுத்தாலும் உலை கொதிக்காமல் போவது இவர்கள் வீட்டில்தான். இதைவிடப் பெரிய ஆபத்து வாய்ச்சொல்லில் வேலைக்கு எடுப்பது. ஒரு தவிசாளர் “நாளைக்கு வா” என்று சேர்ப்பார், அடுத்தவர் “இவர் யார்?” என்பார். நிரந்தரப் பதவியை உருவாக்கும் அதிகாரம் எந்தத் தவிசாளருக்கும் கிடையாது, அதற்கு மேலிட அனுமதி வேண்டும். நிரந்தரமாக்கித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய விஷயம்.

சம்பளம் நின்றால் கந்தோர் வாசலில் நின்று சத்தம் போடுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். தவிசாளருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, மாவட்டத்திலுள்ள உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்குப் பிரதி. திகதி முத்திரை குத்திய உங்கள் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பட்டியல் யார் மேசையில் கிடக்கிறது என்று தெரியவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எதற்கு என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ஓய்வூதியமற்ற வேலையென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கும் சபையின் பங்கும் போயிருக்கிறதா என்று தொழில் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, அதே வேலை செய்யும் மற்றவருக்குக் காரணமின்றி நிறுத்தினால் அது சமத்துவ உரிமை பற்றிய கேள்வி. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். பலர் தவிசாளர் வீட்டுக்கும் அரசியல்வாதி வீட்டுக்கும் நடந்தே அந்த மாதத்தைத் தொலைக்கிறார்கள்; எனக்கு மனம் நோவது இதில்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. செய்ய வேண்டிய கடமையைச் செய்யாத அதிகாரிக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரவும் வழியுண்டு. கட்டணம் கட்ட வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வரி கட்டுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த ஹோட்டலொன்றிடம் முந்திய வருட வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வரை அனுமதிப்பத்திரக் கட்டணமாக அறவிடச் சபைக்கு அதிகாரமுண்டு. பாசிக்குடாவில் அது சில்லறைக் காசல்ல. வருட முடிவில் வரவு செலவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய், அமைய ஊழியர் கூலிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அக்காவுக்குக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். கொப்பியில் வட்டமில்லாத மாதங்களின் நாட்களை அவரே விரல் வைத்து எண்ணிச் சொன்னார். ஐம்பத்தொரு கோடு.