த்ரூ-ஆக்ஸில் சைக்கிளுக்கு ஏன் தனி அச்சு?

பின்சக்கரத்தோடு சைக்கிளை வீட்டு ட்ரெயினரில் நிறுத்தும்போது, அதன் இரு கிண்ணப் பிடிகளும் அச்சின் முனைகளைக் கவ்வ வேண்டும். பழைய குவிக் ரிலீஸில் முனைகள் வெளியே துருத்தி நிற்கும், 12 மி.மீ. த்ரூ-ஆக்ஸிலோ பெரும்பாலும் ஃபிரேமுக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியே இறுக்கினால் என்ன என்று கேட்கலாம். பிடி ஃபிரேமின் மேலேயே அழுந்தும். கார்பன் ஃபிரேம் விரிசல் விடக்கூடும். அதனால்தான் பிடிக்கேற்ற முனைகள் கொண்ட தனி அச்சு தேவைப்படுகிறது.

நீளம் பொருந்தினால் போதாதா? போதாது. மரையின் இடைவெளி 1, 1.5, 1.75 மி.மீ. என வேறுபடும். 1.5 மரைத் துளையில் 1.75 அச்சு முதலில் ஏறுவதுபோல் தோன்றி, உடனே இறுகும். மேலும் திருகினால் ஃபிரேமின் மரையே அழிந்துவிடும். பழைய அச்சில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்து வாங்கி, விரலாலேயே சுற்றத் தொடங்குங்கள். தடங்கலின்றி ஏறினால்தான் அது சரியான அச்சு.