தட்டையில் தோன்றும் மேடு பள்ளம்

கணிப்பொறித் திரையில் ஓர் ஓவியம் காண்கிறோம். அதன் பரப்பு, பூசாத சுவரைப்போலச் சொரசொரப்பாகத் தோன்றுகிறது. திரையைத் தடவினாலோ வழுவழுப்பே! இஃது எங்ஙனம் நிகழ்கிறது?

'கிம்ப்' முதலிய படத்திருத்த மென்பொருள்களில் இதற்கெனவே ஒரு கருவி உண்டு. கருமையும் வெண்மையும் கலந்த மற்றொரு படத்தை அது உயரக் குறிப்பாகக் கொள்ளும். அதில் வெளுத்த இடம் மேடு. கறுத்த இடம் பள்ளம். ஒளி எத்திசையினின்று, எவ்வளவு சாய்வாக வருகிறது என்பதை நாம் குறித்தல் வேண்டும். ஒளியை நோக்கிய சரிவுகளைக் கருவி வெளிறச் செய்யும். மறுபுறச் சரிவுகளை இருளச் செய்யும். மேட்டிற்குரிய ஒளியும் நிழலும் வந்துவிடும். மேடு மட்டும் இராது. இவ்வுத்திக்கு அடிப்படையான முறையை 1978-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜேம்ஸ் பிளின் என்னும் அமெரிக்க அறிஞர்.

எஞ்சிய வேலையைச் செய்வது நம் கண்ணும் மூளையுமே. ஒளி மேலிருந்து வருவதாகக் கொள்வது அவற்றின் வழக்கம். கதிரவனுக்குக் கீழே வாழும் நமக்கு அஃது இயல்புதானே! ஆகவே, கருவியில் ஒளியைக் கீழிருந்து வருமாறு அமைத்தால் மேடுகள் பள்ளங்களாகத் தோன்றக்கூடும். நிலவின் குழிகளைக் காட்டும் ஒளிப்படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். குழிகள் குன்றுகளாக எழுந்து நிற்பதைக் காணலாம்.