இரண்டு இலியம்

அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் தொடங்கியபோது அங்கே கேட்டதெல்லாம் லேத் சத்தமும் பிரஸ் சத்தமும்தான். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு வேலையும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அங்கே மாலையில் அவர் பேசி முடிக்கும்போது இங்கே விடிந்தும் விடியாத நேரம். மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வருமுன் அறிக்கை தயாராகிவிட வேண்டும்.

'இலியம்' என்கிறார் டாக்டர். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் அதுதான் பெயர், இடுப்பெலும்பின் அகன்ற மேல்பாகத்துக்கும் அதுதான். ஆங்கிலத்தில் நடுவே ஓர் எழுத்து மாறும், உச்சரிப்பு ஒன்றே. தமிழில் எழுதினால் அந்த ஓர் எழுத்தும் போய்விடுகிறது, பாருங்கள். காது எத்தனை கூர்மையாக இருந்தும் பயனில்லை. முன்வரியில் இருப்பது குடலடைப்பா, எலும்பு முறிவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேஸியா ஜோடி இன்னும் வம்பு. முதலாவது, விழுங்கச் சிரமப்படுவது. மற்றது, பேசச் சொல் வராமல் தடுமாறுவது. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே வரலாம் என்பதால் முன்வரியும் கைவிட்டுவிடும்.

1970-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், பதிவு செய்த வாக்கியமொன்றில் ஒரு சொல்லின் நடுவிலிருந்த 'ஸ்' ஒலியை வெட்டியெடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். இல்லாத ஒலியை மூளையே நிரப்பிக்கொண்டது. பஸ் ஹாரனுக்கு நடுவே நாம் பேசிக்கொள்ள முடிவது இந்தத் திறமையால்தான். டைப் அடிப்பவருக்கோ அதுவே வினை. டாக்டர் எதையோ மென்றுகொண்டே முணுமுணுத்ததும் தெளிவாகக் கேட்டதாகத் தோன்றிவிடும்.

எண்ணில் தவறினால் உயிரே போகும். 2008-இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு எழுதிய டிஸ்சார்ஜ் அறிக்கையில் 8 யூனிட் இன்சுலின் 80 என்று பதிவானது. அவர் இறந்துபோனார். டைப் வேலை நடந்தது இந்தியாவில். 2012-இல் ஜூரி விதித்த இழப்பீடு 14 கோடி டாலர்.

இந்தத் தொழிலில் 'பிளாங்க்' என்று ஒன்று உண்டு. புரியாத இடத்தை வெற்றாக விட்டு, பதிவில் அது எத்தனையாவது நிமிடம் என்று குறித்துவிட்டு நகர்வது. அடுத்து எடிட்டர் கேட்பார். அவருக்கும் பிடிபடாவிட்டால் டாக்டரிடமே போகும். நிறைய பிளாங்க் விடுபவரைக் கத்துக்குட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. யூகித்து அடிப்பவரைவிட அவர் எவ்வளவோ மேல் என்பேன்.

உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, பில்லைச் சரிபார்க்கும் முன் மருந்துப் பெயரையும் அளவையும் டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.