ஆங்கிலத்தின் ஒருவும் ஓரும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர்க்கு நெடுங்காலமாகத் தொல்லை தருவன இரு சிறு சொற்கள். ஒன்று ‘ஏ’, மற்றொன்று ‘அன்’. குறிப்பிட்ட எதனையும் சுட்டாது, ‘ஏதோ ஒன்று’ என்னும் பொருளில் பெயர்ச்சொல்லின் முன் நிற்பன இவை. இவற்றை வழுவின்றி ஆள்வதற்கு நம் தாய்மொழி ஓரிடத்தில் துணைசெய்கின்றது. மற்றோரிடத்தில் நம்மை இடறச் செய்கின்றது. அவ்விரண்டிடங்களையும் அறிந்துகொண்டால் தொல்லை பெரும்பாலும் தீரும்.

துணைசெய்யும் இடத்தை முதலிற் காண்போம். ‘ஒரு மரம்’ என்கின்றோம். ‘ஓர் ஆலமரம்’ என்கின்றோம். அடுத்து வருஞ்சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘ஓர்’, மெய்யொலியில் தொடங்கினால் ‘ஒரு’ என்பது நம் உரைநடை மரபு. ஆங்கிலத்திலும் முறை இதுவே. ‘அன்’ என்பதே அங்கு முந்திய வடிவம். ‘ஒன்று’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லினின்று அது பிறந்தது. மெய்யொலிக்கு முன் அதன் ஈற்று னகரம் காலப்போக்கில் தேய்ந்தமையால் ‘ஏ’ தோன்றிற்று.

ஆனால், ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்தெழுத்துக்களுக்கு முன் அன் வரும்’ என்று மனனஞ் செய்த மாணவர் பலவிடத்துத் தவறுகின்றனர். விதி எழுத்தைப் பற்றியதன்று, ஒலியைப் பற்றியது. ஐயம் தோன்றின், அவ்வாங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலில் உயிரெழுத்து வந்தால் ‘அன்’. உயிர்மெய் வந்தால் ‘ஏ’. ‘யூனிபோம்’ யகரத்தில் தொடங்குதலின் ‘ஏ யூனிபோம்’ என்க. மணித்தியாலத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்னும் சொல்லில் முதலெழுத்து ஒலிப்பதில்லை. ஆகவே ‘அன் அவர்’ என்க. ‘எம்.பி.’ என்பதற்கு முன் ‘அன்’ வரும், ‘பி.ஏ.’ என்பதற்கு முன் ‘ஏ’ வரும். ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘ஹோட்டல்’ என்பதை ‘ஓட்டல்’ என எழுதிக்கொண்டு ‘அன்’ சேர்த்தல் ஆகாது. ஆங்கிலத்தில் அதன் முதலில் ஹகரம் ஒலிக்கின்றது.

இனி, இடறும் இடத்துக்கு வருவோம். ‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் நிறைவான வாக்கியம். அதனை அவ்வாறே பெயர்த்து ‘ஹீ இஸ் ரீச்சர்’ என்றால் வழுவாம். ‘ஹீ இஸ் ஏ ரீச்சர்’ எனல் வேண்டும். எண்ணத்தக்க பொருளைக் குறிக்கும் ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் பொதுவாகத் தனித்து நில்லாது. இதற்கு மாறான வழுவும் உண்டு. ‘ஓர் ஆலோசனை’, ‘ஒரு தளபாடம்’ என நாம் எண்ணுகின்றோம். ஆங்கிலத்தின் ‘அட்வைஸ்’, ‘பேர்ணிச்சர்’ என்னும் சொற்களோ, தண்ணீரைப் போல, எண்ணப்படாதவை. ஆதலின் ‘அன் அட்வைஸ்’ என்றல் பிழை. ‘ஏ பீஸ் ஒவ் அட்வைஸ்’ என்க.

இத்துணைச் சிறிய சொல்லை விட்டாற் கெடுவதென்ன என்று சிலர் வினவலாம். தொழில் வேண்டி விண்ணப்பம் எழுதும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தனக்குச் சிறிது அனுபவம் உண்டு என்பதைத் தெரிவிக்க அவன் ‘ஏ லிற்றில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதவேண்டும். முன்னுள்ள ‘ஏ’யை விட்டு, ‘லிற்றில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினால், அனுபவம் இல்லையென்றே சொல்லலாம் என்னும் பொருள் தோன்றிவிடும். தகுதியுள்ளவன் தன் கையாலேயே தன் தகுதியை மறுத்தவனாவான்.

ஆகவே, பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டு வாசிக்கச் செய்வார்களாக. ‘ஏ’யா ‘அன்’னா என்பதைச் செவி கற்றுக்கொடுக்கும். எங்கே அது வேண்டும், எங்கே வேண்டா என்பதை, எண்ணத்தக்க பொருளா அன்றா என்று வினவிப் பழகிய அறிவு கற்றுக்கொடுக்கும்.