பிள்ளை யார் கணக்கில்?

இலங்கையில் அரிசிக் கூப்பன் காலத்தில் பிள்ளைக்கென்று தனியாக ஓர் அரிசிப் புத்தகம் இருந்தது. 1966 டிசம்பருக்குப் பிறகு ஆளுக்குக் கிழமைக்கு ஒரு கொத்து, அதாவது இரண்டு இறாத்தல், இலவச அரிசி. தாயும் தகப்பனும் பிரிந்தால் அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது சோற்றுப் பிரச்சினை. தலாக் சொல்லிவிட்டுப் போனவன் வீட்டுப் பெட்டிக்குள் புத்தகம் கிடந்தால், பிள்ளை உம்மாவின் மடியில் இருந்தாலும் அதன் அரிசி வாப்பா வீட்டு உலையில்தான் வேகும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பொருள் இருந்தது. பிள்ளையின் புத்தகத்தைக் கொடு என்று விதானையாரை வைத்தோ பள்ளிவாசல் மரைக்காயரை வைத்தோ கேட்கலாம்.

1979 செப்டெம்பரில் உணவு முத்திரை வந்தபோதும் பிள்ளை தனியாகவே எண்ணப்பட்டது. பெரியவருக்கு மாதம் 15 ரூபா, 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 25 ரூபா. வளரும் வயிற்றுக்குக் கூடுதலாக வேண்டும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட காலம் அது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். மன்னாரிலிருந்து பலர் தோணியேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். ஆலங்குடா, தில்லையடி முகாம்களில் உலர் உணவு குடும்ப அட்டைக்கு என்றானது. அட்டையில் பிள்ளையின் பெயர் இருந்தது; அட்டையோ குடும்பத் தலைவனின் பெயரில்.

இன்று அஸ்வெசும நலன்புரித் திட்டம். 2023 ஜூலை முதல் சமுர்த்திக்குப் பதிலாக வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து 17,500. வீட்டில் ஒரு பிள்ளை என்றாலும் நாலு பிள்ளை என்றாலும் தொகை ஒன்றுதான். பிரிந்த பெண் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குத் திரும்பினால், அவளுடைய பிள்ளைகளும் உம்மம்மாவின் குடும்பக் கணக்குக்குள் கலந்துவிடுவார்கள். இது என் பிள்ளையின் பங்கு என்று விரல் வைத்துக் காட்ட அவளிடம் எதுவும் இல்லை. அன்றைய திட்டங்களில் ஆயிரம் குறை இருந்திருக்கும். இந்த ஒன்றில் அவை மேல்.

அமெரிக்காவில் விவாகரத்தான பெற்றோர் மல்லுக்கு நிற்பது வருமான வரிப் படிவத்தில். ஓர் ஆண்டுக்கு ஒரு பிள்ளையை ஒருவர்தான் காட்டலாம். அந்த ஆண்டில் அதிக இரவுகள் பிள்ளை யாரிடம் தங்கியதோ அவருக்கே முதல் உரிமை. விரும்பினால் கையெழுத்திட்டு மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். 1932இல் இங்கே வந்த வருமான வரிச் சட்டத்திலும் பிள்ளைக்குக் கழிவு இருந்தது, இப்போது இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனியாளுக்கு வரி கிடையாது. படகில் கூலிக்குப் போகிறவனை இந்தக் கணக்கு எட்டுவதேயில்லை. எங்கள் கரையில் சண்டை தாபரிப்புப் பணத்தில்தான்.

அதில் சட்டம் முன்னேறித்தான் இருக்கிறது. 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் பிள்ளைச் செலவு தகப்பன் தலையில் மட்டும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் வசதியுள்ள பெற்றோர் இருவரையும் பொறுப்பாக்கியது. 18 வயதைத் தாண்டியவரும் 25 வரை கேட்க வழிவிட்டது. உடப்பில் ஓர் இந்துத் தாய் இதைப் பிடித்துக்கொண்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதே கடலோரத்தில் கற்பிட்டி முஸ்லிம் தாய்க்குக் காதி நீதிமன்றம்தான் வாசல். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். சட்டத்தரணியைக் கூட்டிப்போய்ப் பேச முடியாது. இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கையைக் கையளித்தது. ஒன்பது வருடம்! குழு அமைத்தபோது கைக்குழந்தையாக இருந்த பிள்ளை அதற்குள் நாலாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

காதியார் முன்னால் கணக்கு இப்படிப் போகும். மாதம் எவ்வளவு உழைக்கிறாய் என்று கேட்பார். சம்பளத் துண்டு கிடையாது. படகு கரைக்கு வந்ததும் மண்ணெண்ணெய்க் காசு கழியும், ஐஸ் காசு கழியும், படகுக்காரர் பங்கு போகும். மிஞ்சியதைத்தான் கடலுக்குப் போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் அதுவும் இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்கு ஏறியபோது, தொழிலே இல்லை என்று தகப்பன் சொன்னால் அது முழுப் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் பால்மா விலையும் அந்த வருடம்தான் ஏறியது. அதைத் தாய் யாரிடம் போய்ச் சொல்வாள்?

தொகை தீர்ந்து எழுதப்பட்டாலும் வசூல் வேறு கதை. நிலுவை விழுந்தால் காதியின் கட்டளை நீதவானிடம் போய், தண்டப் பணம் போல அறவிடப்பட வேண்டும். அதற்குள் ஆள் பருவத் தொழிலுக்கென்று வேறு கரையில் வாடி போட்டிருப்பான். தாய் பஸ் காசு கொடுத்து இரண்டு நீதிமன்றங்களுக்கும் அலைவாள்.

தகப்பனின் வருமானத்துக்குச் சாட்சியே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். மீன் வாங்கும் முதலாளியிடம் கொப்பி இருக்கிறது. எந்தப் படகு, எந்த நாள், எத்தனை கிலோ, எவ்வளவு முற்பணம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். காதி அதைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பார்க்கட்டும். நல்ல மாதத்துக்கு ஒரு தொகை, சோளகத்துக்கு ஒரு தொகை என்று கட்டளை எழுதட்டும். அஸ்வெசுமவும் பிள்ளையின் பங்கைத் தனியாகக் குறித்து, பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடட்டும். 1979இல் முத்திரை அச்சடித்தே செய்த கணக்குத்தானே இது.